தீவுக்காரருக்கு ஒரு ஜிபிஎஸ் கருவி

விளையாட்டுப் பயிற்சிக்கான தனித்தியங்கும் ஜிபிஎஸ் கருவிக்குக் கைத்தொலைபேசி தேவையில்லை. ஓடுகிறவரோ நீந்துகிறவரோ சைக்கிள் மிதிக்கிறவரோ எந்த நேரத்தில் எங்கே இருந்தார், என்ன வேகத்தில் போனார் என்பதை அது தானே பதிந்து வைத்துக்கொள்ளும். அது கைமணிக்கூடாக இருக்கலாம், தீப்பெட்டி அளவுப் பெட்டியாக இருக்கலாம், உதைபந்தாட்டக்காரரின் தோள்பட்டைகளுக்கு நடுவே மேலங்கிப் பையில் செருகும் வில்லையாகவும் இருக்கலாம். 2003 இல் கார்மின் நிறுவனம் ஃபோரன்னர் 101, 201 என்ற இரண்டையும் ஓட்டக்காரருக்கென்று கொண்டுவந்தபோது, தொலைபேசிக்குள் ஜிபிஎஸ் பரவலாகப் புகுந்திருக்கவில்லை. எல்லாக் கருவியும் தனியாகவே இயங்கியது. பிறகு தொலைபேசி எல்லாவற்றையும் விழுங்கியது. இன்று தனிக் கருவியைத் தேடி வருகிறவர், பெரும்பாலும் தொலைபேசியைக் கொண்டுபோக முடியாத இடத்தில் பயிற்சி செய்கிறவராகத்தான் இருப்பார். அப்படியான இடங்களில் முதலாவது கடல்.

ஆகவே எந்தக் கருவி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கொழும்பில் உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஓடுகிறவருக்கு வேண்டியதும் யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நயினாதீவில் ஓடுகிறவருக்கு வேண்டியதும் ஒன்றல்ல. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் இருபது நிமிடத்துக்குள் போய்ச் சேரும் நயினாதீவு, நாலு சதுரக் கிலோமீட்டர் சொச்சப் பரப்புள்ள தட்டையான நிலம். நாகபூசணி அம்மன் கோவில் கோபுரத்தையும் பனைகளையும் விட்டால் வானத்தை மறைக்க அங்கே ஒன்றுமில்லை. ஜிபிஎஸ் கருவிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் உப்பு, மின்சாரம், இணையம், நீரோட்டம், எல்லை என்று மற்ற எல்லாமே அந்தக் கருவிக்கு எதிராக நிற்கின்றன. விளம்பரங்கள் விலை வைத்து விற்பது வானத்தோடு சம்பந்தப்பட்ட வசதிகளை. தீவுக்காரருக்குத் தட்டுப்பாடாக இருப்பது மற்றவை.

முதலில், ட்ராக்கர் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்களைப் பிரித்தறிய வேண்டும். திறப்புக்கோர்வையில் மாட்டும் புளூடூத் வில்லைகளில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தால் போகிற யாரோ ஒருவருடைய தொலைபேசி அவற்றைக் கண்டால்தான் அவற்றின் இடம் தெரியவரும். காலை ஐந்து மணிக்குத் தீவுகளை இணைக்கும் தாம்போதியில் தனியே ஓடுகிறவரின் பக்கத்தால் யார் போகப்போகிறார்கள்? மோட்டார் சைக்கிளுக்கும் வாகனத்துக்கும் பூட்டும் சிம் அட்டைக் கருவிகளில் ஜிபிஎஸ் உண்டு. ஆனால் அவை அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை இடத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பவை. களவு போன வண்டியைத் தேட அது போதும். ஓட்டக்காரரின் வேகத்தைப் படிக்கப் போதாது. செய்மதி வழியே செய்தி அனுப்பும் கருவிகள் இன்னொரு வகை. அவற்றின் சிக்கல் தனியானது, பின்னால் வரும். பயிற்சிக்கு உகந்தது, விநாடிக்கு ஒரு புள்ளியாவது உள்ளே எழுதி வைக்கும் பதிகருவி. பற்றறியை மிச்சம் பிடிக்கவென்று, திசை மாறும்போது மட்டும் புள்ளி எழுதும் முறையைச் சில கருவிகள் தாமாகவே தெரிவு செய்துகொள்கின்றன. வளைவான பாதையில் அது தூரத்தைக் குறைத்துக் காட்டும். வாங்கிய அன்றே அதை நிறுத்திவிடுவது நல்லது.

துல்லியம் பற்றிய பேச்சில் பாதி பழையது. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை, 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதற்கு முன்னர் நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டிய கருவி, அன்றிரவோடு பத்து மீட்டருக்குள் வந்தது. இப்போது அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பைடூ ஆகியவற்றையும் மலிவான சில்லுகளே வாங்குகின்றன. இந்தியாவின் நாவிக் செய்மதிகளின் வீச்சு இந்திய எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டர் வரை போகிறது. யாழ்ப்பாணத் தீவுகள் அதற்குள் நன்றாகவே அடங்கும். நகரத்துச் சந்துக்குள் பாதி வானம் மறைந்திருக்கும்போது கூடுதல் செய்மதிகள் கை கொடுக்கும். நயினாதீவின் மேற்குக் கரையில் நிற்பவருக்கு ஜிபிஎஸ் செய்மதிகள் மட்டுமே எட்டு, பத்து என்று ஒரே நேரத்தில் தெரியும். நாலு இருந்தாலே கணக்குப் போடலாம். எல்லாத் தொகுதிகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் பற்றறி விரைவில் தீரும், பயன் சொற்பம்.

ஒரே ஒரு விசயத்தில் இந்தத் தீவுகளின் வானமும் சிக்கலானது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைக்கு அருகால் போகிறது. 1963 இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டின் அயலில், தரைக்கு மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மின்னேற்ற அடுக்கு மற்ற இடங்களைவிடத் தடிப்பாகவும் குழப்பமாகவும் இருக்கும். சமிக்ஞை அதைக் கடக்கும்போது தாமதமாகிறது. கருவி ஒரு பொதுச் சூத்திரத்தால் அந்தத் தாமதத்தைத் திருத்த முயன்றாலும், ஒற்றை அலைவரிசைக் கருவியால் ஏறக்குறைய பாதியைத்தான் திருத்த முடியும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் கருவி, இரண்டின் தாமத வித்தியாசத்தைக் கொண்டு மிச்சத்தையும் பிடித்துவிடும். விற்பனையாளர் இரட்டை அலைவரிசை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பதற்கு இது ஒரு காரணம்.

பயிற்சிக்கு அது வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். மேலடுக்கால் வரும் பிழை மெதுவாகவே மாறும். அதனால் முழுத் தடமும் ஐந்தாறு மீட்டர் ஒரு பக்கம் தள்ளிப்போகுமே தவிர, தடத்தின் நீளம் மாறாது. புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் தாம்போதியில் ஓடியவரின் கோடு, வரைபடத்தில் வீதியை விட்டு இறங்கிக் கடல்மேல் போவதுபோலத் தெரியலாம். பார்க்க அந்தரமாக இருக்கும். ஆனால் கிலோமீட்டர் கணக்குச் சரியாகவே இருக்கும். சூரியன் மறைந்த பின் சில மணிநேரம், குறிப்பாக மாசி, பங்குனியிலும் புரட்டாதி, ஐப்பசியிலும், சமிக்ஞை துடித்துத் துடித்து அறுந்துபோகும் இரவுகள் உண்டு. சூரியனின் சீற்றம் கூடிய ஆண்டுகளில் அது அதிகம். அதிகாலையில் ஓடுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

ஓட்டக்காரர் உண்மையில் கவனிக்க வேண்டிய பிழை வேறு. ஒவ்வொரு விநாடியும் எழுதப்படும் புள்ளி இடமும் வலமுமாகச் சற்று ஆடும். ஆடிய புள்ளிகளை இணைத்தால் வரும் கோடு நேர்கோட்டைவிட நீளமானது. ஆகையால் நேரான வீதியில் ஜிபிஎஸ் தூரத்தைக் கூட்டியே சொல்லும், வளைவில் குறைத்துச் சொல்லும். மரதன் பாதையை அளக்கிறவர்கள் இதை அறிவார்கள். 42.195 கிலோமீட்டரை அதிகாரபூர்வமாக அளப்பதற்கு இன்றைக்கும் ஜிபிஎஸ் ஏற்கப்படுவதில்லை; சைக்கிளின் முன்சில்லில் பூட்டிய ஜோன்ஸ் எண்ணியைத்தான் பாவிக்கிறார்கள். அதிலும் பாதை குறைந்துபோகக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டி அளக்கிறார்கள். பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் மரதன் ஓட்டத்துக்குத் தீவைச் சுற்றிப் பாதை வகுக்கிற ஆசிரியருக்கும் அதே வழிதான் பொருத்தம். நாடா பிடித்து அளந்த நூறு மீட்டரில் சைக்கிள் சில்லு எத்தனை சுற்று என்று எண்ணிவிட்டால், கருவி இல்லாமலே பாதை அளந்துவிடலாம். சுண்ணாம்பு போட்ட 200 மீட்டர் புல் மைதானத்தில் ஜிபிஎஸ் கட்டிக்கொண்டு சுற்றுவது வீண்வேலை. அங்கே நிறுத்துகடிகாரமே ராசா.

தூரத்தைவிட வேகத்தை ஜிபிஎஸ் நன்றாக அறியும் என்பது பலர் கவனிக்காத சங்கதி. நல்ல சில்லு இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் சொல்வதில்லை. செய்மதி அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறி வருகிறது என்பதிலிருந்து, அதாவது டொப்ளர் விளைவிலிருந்து, வேகத்தை நேரடியாகவே எடுக்கிறது. காற்றுப் பாய்ப்பலகை ஓட்டுகிறவர்கள் வேகச் சாதனைக்குத் தாய்வானின் லோகோசிஸ் நிறுவனத்தின் ஜிடி-31 என்ற சிறு கருவியை ஒரு காலம் கொண்டாடியதற்கு, அது இந்த டொப்ளர் வேகத்தை மறைக்காமல் அப்படியே பதிந்து தந்தது ஒரு காரணம். உதைபந்தாட்ட மேலங்கிக் கருவிகள் விநாடிக்குப் பத்துப் புள்ளி எழுதுவதும் வேகத்துக்காகவே. மூன்று விநாடியில் முடிந்துபோகும் பாய்ச்சலை விநாடிக்கு ஒரு புள்ளி பிடிக்காது. மெல்பேர்னில் 2006 இல் தொடங்கிய கற்றபுல்ட் போன்ற நிறுவனங்கள் தொழில்முறைக் கழகங்களுக்குச் செய்ததை, இப்போது தனியாள் விலைக்கும் விற்கின்றன. ஆட்டத்தின்போதே இவற்றை அணிய 2015 இல் விதியும் இடம்கொடுத்துவிட்டது. ஊர்க் கழகம் ஒன்று ஆளுக்கொன்று வாங்குவதைவிட இரண்டு வாங்கி மாறி மாறிப் போடுவது புத்தி.

உயரம் அளக்கும் காற்றழுத்தமானி இந்த மண்ணில் தேவையே இல்லை. தீவுகளில் மலை கிடையாது. வைகாசியிலிருந்து வீசும் சோளகம்தான் சைக்கிள்காரருக்கு மலை; அதை எந்த ஜிபிஎஸ்ஸும் பதியாது.

கடலுக்கு வந்தால் கணக்கு முழுவதும் மாறுகிறது. வடபகுதித் தமிழரின் விளையாட்டு வரலாற்றில் நெடுந்தூர நீச்சலுக்குத் தனி இடம் உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை 27 மணிநேரத்தில் நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் இந்தியாவுக்கு நீந்திப்போய், அங்கிருந்து நீந்தியே திரும்பி, 51 மணிநேரக் கணக்கோடு உலகச் சாதனையாளரானார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. இந்தியப் பக்கத்தில் மிஹிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன. தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன் 1994 இல் பன்னிரண்டு வயதில் அதே நீரிணையைக் கடந்தார்.

நவரத்தினசாமி, ஆனந்தன், மிஹிர் சென் ஆகியோரின் நீச்சல்களுக்கு நேரம் மிஞ்சியிருக்கிறது, தடம் மிஞ்சவில்லை. முதல் ஜிபிஎஸ் செய்மதியே 1978 இல்தான் மேலே போனது. துணைவள்ளத்தில் இருந்தவர்கள் திசைகாட்டியையும் நட்சத்திரத்தையும் நீரின் போக்கையும் பார்த்து வழி நடத்தியிருப்பார்கள். வரைபடத்தில் கரையிலிருந்து கரைக்கு ஒரு நேர்கோடு கீறி இத்தனை மைல் என்று எழுதுகிறோம். நீந்தியவர் அந்தக் கோட்டில் போகவில்லை. நீரோட்டம் வடக்கே இழுத்திருக்கும், மாறும்போது தெற்கே இழுத்திருக்கும். நவரத்தினசாமியின் 27 மணிநேரத்தில் அந்த உடல் கடந்த பாதை நீளமான ஒரு வளைவு. அது எப்படி வளைந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி போய்த் திரும்பி 28 மணி 19 நிமிடம் எடுத்தபோது, பத்திரிகைகள் அதை ஆனந்தனின் 51 மணிநேரத்தோடு ஒப்பிட்டன. நேரத்தோடு நேரத்தை ஒப்பிடலாம். எந்தக் கடலில், எந்த ஓட்டத்துக்கு எதிராக என்பதை ஒப்பிட ஒரு பக்கத்தில் பதிவே இல்லை. இன்றைய நெடுந்தூர நீச்சலில் துணைவள்ளத்து அவதானிப்பாளர் குறித்த இடைவெளியில் ஜிபிஎஸ் இடத்தைப் பதிவேட்டில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பதிவேடு இல்லாத நீச்சலைப் பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

நீச்சல்காரர் தானே கருவி வைத்துக்கொண்டால் முதல் எதிரி தண்ணீர். ஜிபிஎஸ் அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹேர்ட்ஸ். உப்புநீர் அதை மேற்பரப்பிலேயே குடித்துவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமே போதும், சமிக்ஞை செத்துவிடும். மணிக்கட்டில் கட்டிய கருவி கைவீச்சின் பாதி நேரம் நீருக்குள் இருக்கிறது. வெளியே வரும் அரை விநாடிக்குள் செய்மதியைப் பிடித்து இடம் சொல்ல வேண்டும். பிடிபடாதபோது கருவி ஊகிக்கிறது. அப்படிப் பதிந்த தடத்தைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தால், நேராக நீந்தியவர் தவளைபோலத் தாவித் தாவிப் போனதாகத் தெரியும். அதே நீச்சல்காரர் இன்னொரு கருவியைத் தலையுறைக்குள், பிடரிக்கு மேலே செருகியிருந்தால் கோடு ஒழுங்காக வரும். இடுப்பில் கட்டி இழுக்கும் செம்மஞ்சள் மிதவைக்குள், நீர் புகாத பையில் வைத்தால் இன்னும் ஒழுங்கு. தனிப்பெட்டிக் கருவி மணிக்கூட்டை வெல்வது இங்கேதான். திரையில்லாத, அலங்காரமில்லாத, மலிவான பதிகருவி மிதவைக்குள் இருந்துகொண்டு, பல மடங்கு விலைகொண்ட மணிக்கூட்டைவிட நல்ல தடம் தரும். இழுக்கும் மிதவையை வள்ளக்காரர் தூரத்திலேயே காண்பார்கள் என்பது கூடுதல் நன்மை; குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே லோஞ்ச் ஓடும் நீரில் அதுவே பெரிய நன்மை. இதயத்துடிப்புப் பட்டியின் புளூடூத் அலையும் நீருக்குள் போகாது. ஆகவே துடிப்பைத் தன் நினைவகத்திலேயே சேமித்து, கரையேறிய பின் தரும் பட்டிதான் நீச்சலுக்கு ஆகும்.

தடம் ஒழுங்காக வந்துவிட்டாலும், அது சொல்வது தரையைப் பொறுத்த வேகத்தை. நீச்சல்காரரின் உழைப்பு நீரைப் பொறுத்தது. மணிக்கு 3 கிலோமீட்டர் நீந்தக்கூடிய ஒருவர், மணிக்கு 1 கிலோமீட்டர் ஓடும் நீருக்கு எதிராக ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புகிறார் என்று வைப்போம். போகும்போது தரைவேகம் 2, அரை மணி பிடிக்கும். திரும்பும்போது 4, கால் மணி. மொத்தம் 45 நிமிடம். ஓட்டமில்லாத நீரில் அது 40 நிமிடமாக இருந்திருக்கும். கருவி சராசரி வேகம் 2.67 என்று எழுதும். பயிற்றுநர் அதைப் பார்த்து ஆள் தளர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டினால் பிழை அவருடையது. போன வேகத்தையும் வந்த வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3 வரும், அதுதான் ஆளின் உண்மை வேகம். இரண்டின் வித்தியாசத்தில் பாதி நீரோட்டத்தின் வேகம். இந்தக் கணக்குச் செய்ய வேண்டுமானால் போன பாதையையும் வந்த பாதையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கக் கருவி விடவேண்டும். மொத்தத் தூரம், மொத்த நேரம் என்று இரண்டு எண் மட்டும் காட்டும் கருவி நீச்சலுக்கு உதவாது. எதிர்க்காற்றில் போய் அதே வீதியால் திரும்பும் சைக்கிள்காரருக்கும் இதன் சாயல் பொருந்தும். ஆனால் காற்றின் தடை வேகத்தோடு கூடிக் கூடி வருவதால் அங்கே கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது.

இனி உப்பு. நீர்புகாத் தர எண்களை நம்பி வாங்குகிறவர்கள் அந்த எண் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று கேட்பதில்லை. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி அசையாமல் கிடந்து பிழைத்தது என்று அர்த்தம். அலையில் அடிபடும் கைக்கு அது உத்தரவாதம் அல்ல. 5 ஏடிஎம் என்பது 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமம், நீச்சலுக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீர் உள்ளே போகாவிட்டாலும், வெளியே தெரியும் மின்னேற்றப் புள்ளிகளில் உப்பு படியும். அந்த ஈரத்தோடு மின்னேற்றியில் செருகினால் மின்பகுப்பு நடந்து, சில மாதங்களில் புள்ளிகள் பச்சை பூத்து அரித்துப்போகும். தீவில் பழுதாகும் கருவிகளில் கணிசமானவை நீரால் அல்ல, இதனால்தான் சாகின்றன என்று நினைக்க இடமுண்டு. தொடுபுள்ளி இல்லாமல் மின்னேற்றும் கருவி கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் கரையேறியதும் நன்னீரில் அலசி, துணியால் ஒற்றி, உலரவிட்ட பிறகே மின்னேற்ற வேண்டும். நல்ல தண்ணீர் அருமையான தீவில் இதற்கும் ஒரு செம்புத் தண்ணீர் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மின்சாரம் முன்னைப்போல் இல்லை. தொண்ணூறுகளில் வடபகுதிக்குப் பற்றறி கொண்டுபோவதே தடைசெய்யப்பட்டிருந்த காலத்தை நினைப்பவர்களுக்கு, இன்று மின்னேற்றம் பற்றிக் குறைசொல்வது சிரிப்பாக இருக்கும். ஆனாலும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளில் ஓடிவந்தவை. சூரிய ஒளியையும் காற்றையும் சேர்த்த கலப்பு மின் திட்டமொன்றுக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பதிகருவி குறைந்தது பன்னிரண்டு மணிநேரம் விநாடிப் பதிவோடு ஓட வேண்டும். நீரிணை நீச்சலை மனதில் வைத்திருப்பவருக்கு அதுவும் போதாது, இரண்டு கருவி மாற்றி மாற்றி வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் மணிநேரம் பெரும்பாலும் பதிவைக் குறைத்து வைக்கும் சிக்கன முறைக்கு உரியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

செய்மதி வழியே இடத்தை உடனுக்குடன் அனுப்பும் கருவிகள் நெடுநீச்சல்காரருக்கு இயல்பாகவே ஆசை காட்டும். 2007 இல் வந்த ஸ்பொட், பின்னர் வந்த இன்ரீச் இரண்டும் தொலைபேசிக் கோபுரம் இல்லாத கடலிலிருந்தும் ஆபத்துச் செய்தி அனுப்பும். மலையேறிகளுக்கும் பாய்க்கப்பல்காரருக்கும் அவை உயிர்காப்பு. ஆனால் பாக்கு நீரிணையில் அவை சட்டத்தோடு மோதும். வாங்கி மட்டும் கொள்ளும் ஜிபிஎஸ் வேறு, அலைபரப்பும் கருவி வேறு. இலங்கையில் அலைபரப்பும் கருவிகள் 1991 இன் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிக்கு உட்பட்டவை. இந்தியாவில் முன்னனுமதியின்றிச் செய்மதித் தொடர்புக் கருவி வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கனடாவின் மலைப்பாதை ஓட்டக்காரர் ஒருவர் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் கருவியோடு தடுத்து வைக்கப்பட்டார். தனுஷ்கோடி மணலில் களைத்துப்போய்க் கரையேறுகிறவருக்கு அந்த அனுபவம் தேவையில்லை. இரண்டு கரையின் கடற்படைக்கும் அறிவித்து, அனுமதிபெற்று, துணைவள்ளத்தின் வி.எச்.எஃப். வானொலியை நம்புவதே நேர்வழி.

தடத்தைப் பகிர்வதன் இன்னொரு பக்கத்தையும் இந்தக் கரைகளில் மறக்க முடியாது. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா செயலியின் உலக வெப்பவரைபடத்தில், பாலைவனத்து இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை பளிச்சென்று தெரிந்தது. உள்ளே ஓடிய சிப்பாய்களே அதை வரைந்திருந்தார்கள். கடற்படை நிலைகள் அருகில் உள்ள தீவில் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடும் ஒருவரின் தடம், குறிப்பாகத் தனியே ஓடும் ஒரு பெண்ணின் தடம், யார் யார் கண்ணில் படலாம் என்பதை நினைத்துத்தான் பகிர வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கு மட்டும் தடத்தைத் தரும் கருவி, இந்தக் காரணத்தாலும் மேலானது.

தடம் யாருடையது என்ற கேள்வி வாங்கும்போதே எழ வேண்டும். 2020 ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் சேவையகங்கள் இணையத் தாக்குதலில் சில நாள் முடங்கின. செயலி வேலை செய்யவில்லை. ஆனால் கருவியை யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்தவர்கள் தங்கள் கோப்புகளை எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோசொஃப்ட் பான்ட் வாங்கியவர்களுக்கு அந்த வழி இருக்கவில்லை. 2019 மே முடிவில் நிறுவனம் சேவையை மூடியபோது, முன்கூட்டியே எடுத்துவைக்காதவர்களின் பதிவுகளும் அதோடு போயின. கம்பியில் இணைத்தால் ஜிபிஎக்ஸ் அல்லது ஃபிட் கோப்பு நேரே வருகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். இணையம் தளம்பும் தீவில் இது வசதி மட்டுமல்ல, அடிப்படைத் தேவை.

அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதில் ஒரு ருசியும் உண்டு. ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் அகலக்கோடு, நெடுங்கோடு, நேரம் என்று வரி வரியாக இறங்கும். நயினாதீவு 9.6 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே அகலக்கோட்டின் ஐந்தாவது தசம இடத்தில் ஒன்று கூடினால், ஆள் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட வடக்கே நகர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ஏழாவது, எட்டாவது தசமம்வரை எழுதும் கருவி உண்மையில் அறியாததை அறிந்ததுபோல் காட்டுகிறது. நேரம் கிரீனிச் நேரம். இலங்கை ஐந்தரை மணி முன்னே இருப்பதால், விடியற்காலை ஐந்து மணி ஓட்டம் கோப்பில் முதல்நாள் இரவு 23:30 என்று நிற்கும். பிள்ளைகளின் பயிற்சிப் பதிவைத் தேதிவாரியாக அடுக்கும் ஆசிரியர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பாதித் தலையிடி தீரும்.

தீவில் பல கருவிகள் கடையில் வாங்கப்படுவதில்லை; கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் சொந்தக்காரர் பாவித்து விட்டதைத் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பார்கள். பாவித்ததில் பிழையில்லை, ஆனால் வயதைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் வாரத்தை 1,023 வரைதான் எண்ணும், பிறகு பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, திருத்தப்படாத பழைய கருவிகள் சில தேதியைக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு பின்தள்ளி எழுதத் தொடங்கின. இடம் சரி, தேதி பிழை. சில்லுக்குச் சில்லு இந்தத் தடுமாற்றம் வேறு வேறு ஆண்டில் வரும். பழைய பற்றறி புதிதில் தாங்கிய நேரத்தில் பாதிதான் தாங்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்தக் கருவியையும் பணம் கொடுக்குமுன், முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள், சோதித்துவிடலாம். தொலைபேசியோடு இணையாத கருவி, செய்மதிகள் எங்கே இருக்கின்றன என்ற விபரத்தை வானத்திலிருந்தே மெதுவாகப் படிக்கிறது. ஒரு செய்மதியின் பாதை விபரம் வந்து முடிய அரை நிமிடம், முழு அட்டவணைக்குப் பன்னிரண்டரை நிமிடம். ஆகவே முதல் தடவை இறங்குதுறையில் கால்மணி நேரம் அசையாமல் வைத்துவிட வேண்டும். அதன்பின் அப்படியே அரை மணி பதியவிட்டால், நகராத கருவி எத்தனை மீட்டர் நடந்ததாக எழுதுகிறது என்பது தெரியும். நூறு மீட்டரைத் தாண்டினால் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்து, சைக்கிள் சில்லால் அளந்த ஒரு கிலோமீட்டர் நேர்வீதியில் போய்த் திரும்பி, இரண்டு கோடும் எவ்வளவு ஒட்டி வருகின்றன என்றும் தூரம் எவ்வளவு கூடுகிறது என்றும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று கூடுவது வழக்கம். நீச்சலுக்கானால் அதையே இடுப்பளவு நீரில், கருவியை மிதவையில் ஒருமுறையும் மணிக்கட்டில் ஒருமுறையும் வைத்துச் செய்ய வேண்டும். கடைசியாக, பங்குனி மாதத்து இரவொன்றில், சூரியன் மறைந்து இரண்டு மணிநேரத்துக்குள் அதே வீதியில் இன்னொரு தடவை ஓடிப்பார்க்கலாம். பகலில் ஒழுங்காக வந்த கோடு அன்றிரவு அறுந்து அறுந்து வந்தால், குற்றம் கருவியுடையதல்ல. அடுத்த நாளும் சோதித்த பின்னரே கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.